நாகம் விட்டுப்போன துத்தம்

பொழுது சாய்ந்து விளக்கு வைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பாம்பைப் பெயர் சொல்லிப் பேசமாட்டோம். பூச்சி என்போம், கயிறு என்போம். பெயரைச் சொன்னால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அது வாசலுக்கு வந்துவிடும் என்று சொல்லித்தான் ஆத்தா என்னை வளர்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு பெயரை விழுங்கியதால் என் வீட்டுக்காரரைக் கப்பலில் ஏற்றி அனுப்பப் பார்த்தவள் நான். அது என் வயிற்றெரிச்சல், எனக்குத்தான் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம். ஆலங்குடி பஸ் ரோட்டிலிருந்து உள்ளே நடந்து வரும் தூரத்தில் எங்கள் ஊர். செம்மண் காடு, ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றிப் பதினாறு பாத்தி மிளகாய். மற்றவர்கள் கடலை போட்டார்கள். எங்களுக்குக் கிணறு இருந்ததால் மிளகாய். இரண்டு வருடம் தொடர்ந்து அது எங்களைக் கைவிட்டிருந்தது. மூன்றாம் வருடம் கார்த்திகையில் நாற்றுப் பிடுங்கி நட்டபோதே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"இந்தா புள்ள, இந்தத் தடவையும் மொளகா கைய விட்டுச்சுன்னா நான் மலாயாவுக்குப் போறேன். மாமன் எழுதியிருக்காரு. சித்திரைக்குள்ள வரச் சொல்றாரு."

மற்ற வீட்டில் இந்தப் பேச்சு எப்படி இருந்திருக்குமோ. சில வீடுகளில் பெண்டாட்டியே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பாள். என்னால் அது முடியாது. என் அப்பா ரங்கூனுக்குப் போனவர். நான் தவழும்போது போனாராம். இரண்டு கடிதாசி வந்தது, பிறகு ஜப்பான் சண்டை வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. ஆத்தா சாகும்வரை பொட்டு வைத்திருந்தாள். வைக்கலாமா கூடாதா என்று ஊரில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன்னால் விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு நொடி தயங்குவாள். அந்தத் தயக்கத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

ஆகவே அந்த வருடம் நான் மிளகாய்ச் செடியைப் பார்த்த பார்வை விவசாயி பார்க்கிற பார்வை இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இலையைப் புரட்டிப் பார்ப்பேன். மார்கழி பாதியில் நான் பயந்தது நடந்தது. கொழுந்து இலை வெளுக்கத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சள். புது இலை வேப்பிலை மாதிரி குறுகிச் சிறுத்துப்போனது. பூ வந்தது, ஆனால் நிற்கவில்லை. செடியைத் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது.

என் வீட்டுக்காரர் சாணி போட்டார், சாம்பல் போட்டார், ஆட்டுக்கிடை வைத்த மண்ணைக் கூடையில் கொண்டுவந்து கொட்டினார். மஞ்சள் போகவில்லை.

அப்போதுதான் கிராம சேவக் வந்தார், விவசாயத்துக்கு யோசனை சொல்ல சர்க்கார் வைத்த ஆள். சைக்கிளில் வருவார். புதிதாக வேலைக்கு வந்தவர், மீசை கூடச் சரியாக முளைக்காத முகம். அதனாலேயே ஊர் ஆண்கள் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. எங்கள் பாத்திக்குள் குந்தி ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் நாலு பாத்தி தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். என் காது மட்டும் அங்கே இருந்தது.

"இது சத்துக் கொறைவுங்க. துத்தநாகம் பத்தலை. உப்பு மாதிரி இருக்கும், ஆலங்குடி உர டெப்போவுல கேளுங்க, இல்லேன்னா நாட்டு மருந்துக் கடையில கெடைக்கும். ஒரு கொடம் தண்ணிக்கு ஒரு கைப்பிடி துத்தநாகம், அதுல பாதி சுண்ணாம்பு. கரைச்சு வடிகட்டி எலை மேல தெளிச்சு விடணும்."

"எலை மேலயா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எலையே உறிஞ்சிக்கும்ங்க. மண்ணுல போட்டா அது வேருக்குப் போய்ச் சேர நாளாகும்."

"ஏந்தம்பி, பசிக்குதுன்னா சோத்தை வாயில போடுவீங்களா, கன்னத்துல தடவுவீங்களா?"

பக்கத்துக் காட்டுக்காரர்கள் சிரித்தார்கள். கிராம சேவக்குக்கு முகம் சுருங்கிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் களைக்கொத்தைக் கையில் பிடித்தபடி, துத்தநாகம், ஒரு கைப்பிடி, சுண்ணாம்பு பாதி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தை பிறந்து நாலாம் நாள் என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்குப் புறப்பட்டார். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வேண்டும், மனு எழுதிக்கொடுக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார். சட்டையை மடிப்புக் கலையாமல் பையில் வைத்தது நான்தான். அவர் பஸ் ஏறிய தூசி அடங்குவதற்குள் நான் ஆலங்குடிக்குக் கிளம்பிவிட்டேன். கேட்டவர்களிடம் பல்வலி என்றேன்.

டெப்போ பூட்டியிருந்தது. நாட்டு மருந்துக் கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர் வரவே இல்லை. கடை வாசலில் நின்றேன், நின்றேன், கால் கடுக்க நின்றேன். கடைசி பஸ்ஸை விட்டால் என்ன செய்வேன், யாராவது பார்த்து அவரிடம் சொன்னால் என்ன செய்வேன் என்று மனசு பறந்தது. ஒருவழியாகக் கடைக்காரர் வந்து கதவைத் திறந்தார். திறந்தவர் உடனே வியாபாரம் பார்ப்பாரா? கடையைப் பெருக்கி, படத்துக்குப் பூப் போட்டு, விளக்கை ஏற்றி, சாம்பிராணி காட்டிவிட்டு அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"என்னத்தா வேணும்?"

சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதிரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் கிணற்றுமேட்டில் ஒரு புற்று உண்டு. நாளைக்கு விடியலில் ஒற்றையாளாய் அந்தப் புற்றைத் தாண்டித்தான் நான் தண்ணீர் எடுக்க வேண்டும். இந்த நேரத்தில் அந்தப் பெயரையா சொல்வது? சொல்லின் பின்னால் அந்த வால் எதற்கு, படித்தவர்கள் எதையும் நீட்டித்தானே பேசுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"துத்தம் வேணும்."

"எதுக்கு?"

"செடிக்கு."

"அப்படிச் சொல்லு." அவர் ஒரு டப்பாவைத் திறந்து அள்ளிக் காகிதத்தில் கொட்டினார். உப்பு மாதிரிதான் இருந்தது. கல் கல்லாக, மயில் கழுத்து நீலத்தில். அழகாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இவ்வளவு அழகான பொருள் கெடுதல் செய்யாது என்று நினைத்தேன். இதைவிட முட்டாள்தனமான நினைப்பு என் ஆயுளில் வேறு இல்லை.

விடியலில் பானையில் தண்ணீர் எடுத்து அந்த நீலக் கல்லைப் போட்டேன். வேப்பங்கொத்து ஒடித்த அரிவாள் கையிலேயே இருந்தது. அதையே உள்ளே விட்டுக் கலக்கினேன். சுண்ணாம்பு போடும்போது மட்டும் கை தயங்கியது. வெற்றிலையில் கொஞ்சம் கூடிப்போனாலே வாய் வெந்துவிடுகிறதே, கொழுந்து இலை என்ன பாடுபடும்? பாதி என்று கிராம சேவக் சொன்னது காதில் இருந்தும், வெற்றிலைக்குத் தடவுகிற அளவுக்கு விரல் நுனியில் எடுத்துக் கரைத்தேன். அரிவாளைப் பானைக்குள்ளேயே சாய்த்துவிட்டு, ஒரு செம்பில் மொண்டு மொண்டு, கோயிலில் தீர்த்தம் தெளிப்பது போல வேப்பங்கொத்தால் தெளித்துக்கொண்டே போனேன். ஆறு பாத்தி ஆனதும் தண்ணீர் தீர்ந்தது. கல்லும் தீர்ந்தது. மீதிப் பத்துப் பாத்திக்கு அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று பானையைக் கவிழ்த்தேன். அரிவாள் விழுந்தது.

எடுத்துப் பார்த்தால் அது என் அரிவாள் இல்லை. கறுப்பு இரும்பு போய், செக்கச்செவேல் என்று செப்புக்குடம் மாதிரி நிறம். இரும்பே நிறம் மாறுகிறது என்றால் நான் தெளித்தது என்ன? வீட்டுக்கு ஓடிவந்து, செப்புப் பாத்திரத்துக்குப் போடுவது போலப் புளியைப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது இன்னும் பளபளத்தது. அழுகையே வந்துவிட்டது. அரிவாளைக் கூரைக் கீற்றுக்குள் செருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் இலை ஓரமெல்லாம் வெந்நீர் பட்டது போலச் சுருண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் பழுப்புப் புள்ளி. அவர் புதுக்கோட்டையிலிருந்து திரும்பி அடுத்த நாள் காலையில் காட்டுக்குப் போனபோது ஆறு பாத்தியும் கருகி, இலை காலடியில் கிடந்தது. நான் அவர் பின்னாலேயே போய் நின்றேன். அவர் ஒரு கருகிய இலையை எடுத்து விரலால் தேய்த்தார். தூளாகிப்போனது.

"பனி கருக்கிருச்சு" என்றார். விரலில் ஒட்டியதை வேட்டியில் துடைத்தார். "சரி, இனி ஆக வேண்டியதப் பாப்போம்."

ஆக வேண்டியது என்றால் கப்பல். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என் மேல் வருகிற கோபத்திலேயே போய்விடுவார். சொல்லாவிட்டால் மிளகாய் போன வெறுப்பில் போய்விடுவார். இரண்டு பக்கமும் கடல்தான் தெரிந்தது. பனியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் சோறு வடித்தேன்.

"அருவா எங்க புள்ள?" என்று அன்றைக்கே கேட்டார்.

"இங்கிட்டுத்தான் கெடந்துச்சு. யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் காட்டில் இரவல் வாங்கிப் புல் அறுத்தார்.

இரண்டு நாள் பஸ் ரோட்டில் காத்திருந்து கிராம சேவக்கின் சைக்கிளை மறித்தேன். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் இறங்கிக் கேட்டது ஒரே கேள்வி.

"என்ன நெறம்மா அது?"

"நீலம்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அய்யோ, அது மயில்துத்தம்மா. செப்பு. சுண்ணாம்பு கொறைஞ்சா எலையத் தின்னுட்டுத்தான் விடும். நான் சொன்னது துத்தநாகம். வெள்ளையா இருக்கும்."

"நாகம்னு சொல்லல. வெளக்கு வச்ச நேரம்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய ஊரிலும் அதே வழக்கம்தானாம். "நெறத்தச் சொல்லாம விட்டது என் தப்பு" என்றார். அரிவாள் ஏன் சிவந்தது என்றும் சொன்னார். மயில்துத்தத்தில் சுண்ணாம்பு போதவில்லை என்றால் அதில் முக்கிய இரும்பின் மேல் செப்பு படியுமாம். பார்த்துத் தெரிந்துகொள்வதற்கென்றே கத்தியை முக்குவார்களாம். ஆக, அரிவாள் எனக்கு எச்சரிக்கைதான் கொடுத்திருக்கிறது. நான்தான் அதைக் கூரையில் ஒளித்துவைத்திருக்கிறேன். பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "இது வெளிய தெரிஞ்சா இனி ஒருத்தரும் என்னயக் காட்டுக்குள்ள விடமாட்டாங்கம்மா" என்றார். பயம் எனக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"வெளிய வராது. நீங்க வந்து மிச்சப் பத்துப் பாத்திக்கும் வெள்ளைய அடிச்சுக் குடுங்க. அவருகிட்ட நீங்களே கேளுங்க" என்றேன்.

மறுநாள் கைப்பம்பும் வாளியும் வெள்ளைப் பொட்டலமுமாக வந்து நின்றார். என் வீட்டுக்காரர் விரட்டிவிடுவார் என்று நான் மாட்டுக் கொட்டகையில் நின்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் விரட்டவில்லை. பம்பை ஒருமுறை பார்த்தார், கூரையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஆறு பாத்தி போச்சு. பத்துப் பாத்தி இருந்து என்ன செய்யப் போவுது? அடிச்சுப் பாருங்க தம்பி" என்றார்.

இந்தத் தடவை சுண்ணாம்பை நான் சொன்னபடி சரியாகப் பாதி வைத்தேன். கிராம சேவக் பார்த்துக்கொண்டே நின்றார். பழைய வேட்டியில் வடிகட்டிக் கொடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் பத்துப் பாத்தியும் இலையின் மேலும் கீழும் நனைந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எண்ணி எண்ணிக் கழித்தேன். முதல் நாள் இலை கருகுகிறதா என்று பார்த்தேன். கருகவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஆனால் பச்சையும் திரும்பவில்லை. ஐந்தாம் நாள், ஆறாம் நாள், அதே மஞ்சள். எட்டாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் பாஸ்போர்ட் விசாரணைக்கு வீடு தேடி வந்தார். அவருக்கு மோர் கொடுத்தேன். "ஏம்மா, வீட்டுக்காரர் போறதுல ஒங்களுக்குச் சம்மதந்தானே?" என்று அவர் சும்மா கேட்டுவைத்தார். நான் உள்ளே போய்விட்டேன். அவர் அதைச் சம்மதம் என்றுதான் எழுதிக்கொண்டிருப்பார்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, களை எடுக்கக் குனிந்தபோது கொழுந்தில் ஒரு இலையைப் பார்த்தேன். நரம்புக்கும் நடுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முழுசும் ஒரே பச்சை. என் கண்ணை நம்பாமல் அடுத்த செடி, அடுத்த செடி என்று போனேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். கிராம சேவக் இன்னொரு முறை வந்து அடித்துக் கொடுத்தார். மாசியில் பூ நின்றது. பூ நின்ற இடத்தில் கடுகளவு, மணியளவு, விரல்கடை அளவு என்று காய் நீண்டது.

பாஸ்போர்ட்டும் வந்தது. அதே வாரம் மாமன் கடிதாசியும் வந்தது. இரண்டையும் அவர் மாடத்தில் வைத்தார். நான் விளக்கு ஏற்றும்போதெல்லாம் அந்த மாடத்தைப் பார்க்காமல் ஏற்றக் கற்றுக்கொண்டேன்.

பங்குனியில் பழம் எடுத்தோம். பத்துப் பாத்தியில் எடுத்தது முந்தைய வருடம் பதினாறில் எடுத்ததைவிட அதிகம். களம் பூராவும் சிவப்பாகக் காய்ந்தது. காரம் காற்றில் ஏறி, போகிறவர் வருகிறவர் எல்லாம் தும்மினார்கள். கப்பலைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமே.

கடைசிப் பழம் எடுத்து, பட்டுப்போன செடியை அறுத்துப் போட வேண்டிய நாள். அவர் வீட்டுக்குள் போய்க் கூரைக் கீற்றுக்குள் கையை விட்டு அரிவாளை உருவினார். அதன் அலகில் இன்னும் செம்பு நிறம் ஒட்டியிருந்தது.

"நல்லாத்தான் தேச்சிருக்க. புளி வாசம் இன்னும் போகல" என்றார்.

"எப்பப் பாத்தீங்க?"

"திரும்பி வந்த அன்னைக்கே. கூரையில கீத்து தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மறுநா கருகின எலையப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பனி என்று சொன்னாரே, அரிவாள் எங்கே என்று கேட்டாரே, இத்தனை நாளும் நான் செத்துச் செத்துப் பிழைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே. "தெரிஞ்சும் ஏன் கேக்கல? நீங்க போயிருவீங்க, போயிருவீங்கன்னு நான் பட்ட பாடு ஒங்களுக்கு வெளையாட்டா?" என்று கத்தினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை.

அவர் அரிவாளைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தார். செம்பு உரிந்து உரிந்து இரும்பு தெரிந்தது. தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"நீ பயந்தது எனக்குத் தெரியும். மிச்சப் பத்துப் பாத்தியும் கருகிப்போனா நெசமாவே போயாகணுமேன்னு நான் பயந்தது ஒனக்குத் தெரியுமா? ஊரெல்லாம் சொல்லிட்டேன் புள்ள. செடி பச்சையாகாம நான் எப்படி வார்த்தைய மாத்துவேன்? அந்தப் பத்து நாளும் நீ காட்டுக்கு வாரதுக்கு முன்னாடி போய், எலையப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு வந்தவன் நான்."